ஓட்டக்களத்திலிருந்து நகரசபைக்கு

2025ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9ஆம் தேதி நம் திருவனந்தபுரம் மாநகரில் நகரசபைத் தேர்தல் நடைபெற்றது. 13ஆம் தேதி வோட்டுக்கள் எண்ணப்பெற்றன. 26ஆம் தேதி புதிய மேயர் பதவியேற்றார். எந்தக் கட்சி வென்றது, எந்தக் கட்சி தோற்றது என்பதெல்லாம் அன்றாடப் பத்திரிகைகளில் அலசித் தீர்ந்த விஷயம். சங்கப் பத்திரிகைக்கு அதில் வேலை இல்லை. ஆனால் அத்தேர்தலில் நின்ற அபேட்சகர்களுள் ஒருவரது பெயர் நம்மைச் சற்றே நின்று யோசிக்க வைத்தது. பாளையம் வார்டில் போட்டியிட்ட பத்மினி தாமஸைத்தான் குறிப்பிடுகிறோம்.

1982இல் டில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலமும், 4 x 400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் வெள்ளியும் பெற்ற வீராங்கனை அவர். பின்னர் கேரள மாநில விளையாட்டுக் கவுன்சிலின் தலைவராகவும் இருந்தார். ஆசியக் கண்டத்தின் முன்னே ஓடியவர், வயதான பின், ஒரு வார்டின் சந்துகளில் வீடு வீடாகச் சென்று வோட்டுக் கேட்டார். முடிவு இவ்வூரார் அறிந்ததே. நாம் பேச வந்தது அதுவன்று. விளையாட்டுக் களத்திலே பெயர் பெற்றவர், அல்லது இளைஞர்களைப் பழக்கி ஆளாக்கியவர், ஸ்தல ஸ்தாபனத்துக்கு வருவதனால் ஊருக்கு என்ன பயன் என்பது ஒரு கேள்வி. அப்படிப்பட்டவர் சொந்த மண்ணை இழந்து அகதியாக வந்தவராக இருந்தால் அவருக்கு அந்த வாயில் திறக்குமா என்பது மற்றொரு கேள்வி. முதற் கேள்வி சுவையானது. இரண்டாவதோ நம்மவர் பலரின் உயிரைத் தொடுவது.

முதற் கேள்வியைப் பற்றி நம் அபிப்பிராயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பதக்கம் வாங்கியவர் சாக்கடையையும் நன்றாகத் திருத்துவார் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. பெயருக்காக மட்டும் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்துவது கட்சிகளின் பழைய வழக்கம். சினிமாவுக்கு அடுத்தபடி விளையாட்டுத்தான் அவர்களுக்குக் கைகொடுக்கிறது. ஆனால் பயிற்சியாளர் என்பவரின் நிலை வேறு. பதக்கம் வாங்கியவரை ஊர் அறியும். பயிற்சியாளரோ ஊரை அறிவார். எந்தப் பையன் காலை உணவின்றி மைதானத்துக்கு வருகிறான், எந்தப் பெண்ணைப் பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட வீட்டில் எண்ணுகிறார்கள், எந்தத் தெருவில் மாலை ஆறு மணிக்குமேல் விளக்கில்லை என்பதெல்லாம் அவருக்குக் கணக்கெடுப்பின்றியே தெரியும். மைதானங்களைப் பராமரிக்கும் பொறுப்பில் பெரும்பங்கு ஸ்தல ஸ்தாபனங்களுடையது. "ஒரு பஞ்சாயத்து, ஒரு விளையாட்டுக்களம்" என்னும் கேரள சர்க்காரின் திட்டமும் இறுதியில் ஒரு வார்டு மெம்பரின் முயற்சியில்தான் வந்து நிற்கிறது.

இந்நகரத்துக்கு இது புதிதுமன்று. பூஞ்ஞாறு அரச குடும்பத்தில் 1908இல் பிறந்து, திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மணம் புரிந்து, மாநிலம் முழுவதும் விளையாட்டு அமைப்புக்களை நிறுவிய லெப்டினன்ட் கர்னல் கோதவர்ம ராஜா, அதாவது ஜி. வி. ராஜா, வாழ்ந்த ஊர் இது. 1971இல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பிறந்த நாளான அக்டோபர் 13ஐக் கேரளம் விளையாட்டு நாளாகக் கொண்டாடுகிறது. அவர் அரண்மனையிலிருந்து வந்தவர். அவருக்குக் கதவுகள் தாமே திறந்தன. கதவுகள் அடைபட்டவரின் கதையே நமக்கு இங்கு வேண்டுவது.

அகதியாக வந்த விளையாட்டு வீரர் என்றால் இந்தியர் நாவில் முதலில் எழும் பெயர் மில்கா சிங். மேற்குப் பஞ்சாபில் கோவிந்தபுரா என்னும் கிராமத்தில் பிறந்தவர். 1947இல் தேசப் பிரிவினையின்போது பெற்றோரையும் உடன்பிறந்தோர் சிலரையும் கண்ணெதிரே இழந்தார். டில்லிக்கு வந்து, பழைய கோட்டையில் அகதிகள் முகாமிலும், பிறகு ஷாதராவில் புனர்வாழ்வுக் குடியிருப்பிலும் காலந்தள்ளினார். டிக்கெட்டின்றி ரயிலில் சென்றதற்காகத் திகார் சிறையில் அடைக்கப்பட்டார். தமக்கை தம் நகைகளை விற்று மீட்டார். ராணுவத்தில் சேர மூன்று முறை முயன்று தள்ளப்பட்டு, நான்காம் முறை எடுத்துக்கொள்ளப்பட்டார். செகந்திராபாத்தில் புதிய சிப்பாய்களுக்கு நடந்த நெடுந்தூர ஓட்டத்தில் முதற் பத்துப் பேருள் வருவோர்க்குத் தனிப் பயிற்சியும், நாள்தோறும் ஒரு குவளைப் பாலும் உண்டென்றார்கள். அந்தப் பாலுக்காக ஓடி ஆறாவதாக வந்தார் என்பது அவரே பலமுறை சொன்ன செய்தி. அதுவரை ஓட்டப் பந்தயம் என்றொரு வித்தை இருப்பதே அவருக்குத் தெரியாது!

அதன் பின் நடந்தது உலகறிந்தது. 1958இல் டோக்கியோ ஆசியப் போட்டியில் 200, 400 மீட்டர் ஓட்டங்களில் இரண்டு தங்கம். அதே ஆண்டு கார்டிஃபில் காமன்வெல்த் போட்டியில் 440 கஜ ஓட்டத்தில் தங்கம். 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் நான்காவதாக வந்தார். பதக்கம் ஒரு நொடியில் பத்தில் ஓரளவு தூரத்தில் தவறிப்போயிற்று. அந்த ஓட்டத்தில் அவர் நிறுவிய தேசிய சாதனையை முறியடிக்க இந்தியர்க்கு 1998 வரை ஆயிற்று. அதே 1960இல் லாகூரில் ஓட அழைப்பு வந்தபோது அவர் போக மறுத்தார். தாய் தந்தையர் மாண்ட மண் அது. நேரு வற்புறுத்தியதன் பேரில் போனார். பாகிஸ்தானின் புகழ்பெற்ற ஓட்டக்காரர் அப்துல் காலிக்கை வென்றார். "பறக்கும் சீக்கியர்" என்னும் பட்டத்தை அளித்தவர் அந்நாட்டின் ஜனாதிபதி அயூப் கான். அகதியாய் விரட்டிய மண்ணே பட்டம் சூட்டிற்று! ராணுவத்திலிருந்து வெளிவந்தபின் பஞ்சாப் சர்க்காரின் விளையாட்டுத் துறையில் டைரக்டராகப் பணியாற்றி இளைஞர்களைப் பழக்கினார். 2021 ஜூன் 18இல் கொரோனா நோயின் பின்விளைவால் மறைந்தார்.

மில்கா சிங் தேர்தலில் நின்றாரில்லை. ஆனால் நின்றிருக்கலாம் என்பதே நாம் கவனிக்க வேண்டிய விஷயம். 1948 ஜூலை 19க்கு முன் எல்லை கடந்து வந்தோரை, முன்னோர் பிரிவுபடாத இந்தியாவில் பிறந்தவராயின், அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு பிரஜைகளாகவே கருதிற்று. அதற்குப் பின் வந்தோர் பதிவு செய்துகொண்டு பிரஜைகளாயினர். முகாமில் கூடாரத்தில் இருந்தவனும், மாளிகையில் இருந்தவனும் 1951-52 பொதுத் தேர்தலில் ஒரே வரிசையில் நின்று வோட்டளிக்க அது வழி செய்தது. அந்த வழியே வந்தவர்கள்தாம் 1997இல் பிரதமரான ஐ. கே. குஜ்ராலும், 2004இல் பிரதமரான மன்மோகன் சிங்கும். இருவரும் இன்றைய பாகிஸ்தான் பகுதியில் பிறந்தவர்கள். அகதி என்னும் சொல் அவர்களது வாழ்க்கையில் ஒரு அத்தியாயத்தோடு நின்றது.

நம்மவர் கதை அப்படி அமையவில்லை. இங்கே இரு பிரிவினரை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். 1964இல் லால்பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கை மலைநாட்டுத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. அவ்வாறு வந்தவர்கள் இந்தியப் பிரஜைகளாகவே வந்தார்கள். கப்பலிலிருந்து இறங்கியபோது கையில் ஒன்றுமில்லை எனினும் பிரஜா உரிமை இருந்தது. அவர்களுள் ஒரு பகுதியினருக்காகத்தான் நம் அண்டை ஜில்லாவான கொல்லத்தில், புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு, 1976இல் புனர்வாழ்வுத் தோட்டக் கம்பெனி நிறுவப்பட்டது. குளத்துப்புழை, ஆயிரநல்லூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இன்றும் தமிழ் ஒலிப்பது அதனால்தான். அக்குடும்பத்தில் பிறந்த பெண்ணொருத்தி பஞ்சாயத்து மெம்பராக விரும்பினால் சட்டம் குறுக்கே நிற்காது.

1983க்குப் பின் உயிர் தப்பிக் கடல் கடந்து வந்தோர் நிலை வேறு. தமிழ்நாட்டு முகாம்களில் இரண்டு தலைமுறைகள் பிறந்துவிட்டன. 2021இல் தமிழ்நாட்டு சர்க்கார் "அகதிகள் முகாம்" என்னும் பெயரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது நல்ல செயலே. பெயர் மாறிற்று, சட்ட நிலை மாறவில்லை. 2019ஆம் ஆண்டுப் பிரஜா உரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காள தேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று தேசங்களிலிருந்து வந்தோரில் சில சமயத்தாரைப் பற்றியது. இலங்கை அதில் இடம்பெறவில்லை.

முகாமில் வளரும் ஒரு சிறுவன் நன்றாக ஓடுகிறான் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடப் பந்தயத்தில் முதலாவதாக வருகிறான். ஜில்லாவிலும் வருகிறான். அதற்கு மேலே போகப் போக, காலில் வேகம் இருந்தால் போதாது, கையில் கடவுச்சீட்டும் வேண்டியிருக்கிறது. ஒரு தேசத்துக்காக ஓட வேண்டுமானால் அந்தத் தேசத்தின் பிரஜையாக இருத்தல் வேண்டும். அவன் வளர்ந்து அதே முகாமுக்கு வெளியே ஐம்பது பிள்ளைகளுக்குப் பயிற்சியளித்து ஊரார் மதிக்கும் ஆசிரியனாகலாம். ஊரார் விரும்பினாலும் அவனை அவர்கள் பஞ்சாயத்துக்கு அனுப்ப இயலாது. நகரசபை அங்கத்தினராவதற்கு அரசியல் சட்டம் 21 வயதைப் போதுமென்கிறது. ஆயினும் பிரஜையாக இருக்க வேண்டும் என்பதில் சட்டசபைக்கும் நகரசபைக்கும் வேறுபாடு வைக்கவில்லை.

ஒரு சிறு திறப்பு உண்டு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 முடிய இந்திய மண்ணில் பிறந்தோர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பினாலேயே இந்தியப் பிரஜைகள் ஆவர். 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த பெண்மணி ஒருவர் இதனைச் சுட்டிக்காட்டிச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையை அணுகினார். 2022இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது; கடவுச்சீட்டு கிடைத்தது. 2024 ஏப்ரல் 19இல் திருச்சியில், தம் 38ஆம் வயதில், பார்லிமெண்டுத் தேர்தலில் முதன்முறையாக வோட்டளித்தார். ஒரு விரலில் மை பட அவருக்கு முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின! 1987 ஜூலைக்குப் பின் அதே முகாமில், அதே கூரையின் கீழ் பிறந்த தம்பி தங்கையருக்கு அச்சட்டம் உதவாது; பெற்றோரில் ஒருவரேனும் இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும் என்று அதற்குப் பின் விதி மாறிவிட்டது.

இனி வெளிநாடுகளில் குடியேறிய நம்மவரைப் பார்ப்போம். நார்வே தேசத்தில் மூன்றாண்டுகள் தொடர்ந்து வசித்த அந்நிய நாட்டவரும் நகரசபைத் தேர்தலில் வோட்டளிக்கலாம், அபேட்சகராகவும் நிற்கலாம். பார்லிமெண்டுக்குத்தான் பிரஜா உரிமை வேண்டும். தெருவில் வசிப்பவனுக்குத் தெருவைப் பற்றிப் பேச உரிமையுண்டு என்பது அவர்கள் கொள்கை. வெயிலே காணாத அந்தத் தேசத்துக்கு இந்த விஷயத்தில் நல்ல வெளிச்சம் இருக்கிறது. 1988இல் யாழ்ப்பாணப் பகுதியில் பிறந்து, மூன்று வயதில் பெற்றோருடன் நார்வே சென்ற கம்ஷாஜினி குணரத்தினம், 2015இல் ஓஸ்லோ மாநகரின் துணை மேயரானார். 2021இல் பார்லிமெண்டு அங்கத்தினரானார். 2011 ஜூலை 22இல் உட்டோயா தீவில் இளைஞர் முகாமில் ஒரு கொடியவன் 69 பேரைச் சுட்டுக் கொன்றபோது, ஏரியில் குதித்து நீந்தி உயிர் தப்பியவர் அவர். அவர் விளையாட்டு வீராங்கனை அல்லர். ஆயினும் அந்த நீச்சலுக்கு ஈடான பந்தயம் எந்த ஒலிம்பிக்கில் உண்டு?

கனடாவில் நீதன் சான் என்பவரது பாதை நம் பொருளுக்கு மேலும் அணுக்கமானது. யாழ்ப்பாணத்திலிருந்து பதின்பருவத்தில் சென்றவர். தமிழ் இளைஞர்களிடையே தொண்டாற்றி, ஆசிரியராகப் பணிபுரிந்து, முதலில் பள்ளி வாரியத்துக்கும், பின்னர் 2017 இடைத்தேர்தலில் டொராண்டோ நகரசபைக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2018இல் தோற்றார். 2025 செப்டம்பரில் நடந்த இடைத்தேர்தலில் மீண்டும் நகரசபைக்கு வந்தார். அங்கும் படிவரிசை இதுவே: இளைஞர் மன்றம், பள்ளிக்கூடம், நகரசபை.

அகதி வீரர்கள் என்னும் சொற்றொடரே இப்போது உலக விளையாட்டு அரங்கில் இடம் பெற்றுவிட்டது. 2016இல் ரியோ ஒலிம்பிக்கில் முதன்முறையாக அகதிகள் அணி என ஒன்று, 10 பேருடன், தேசக்கொடி இன்றி அணிவகுத்தது. கென்யா தேசத்து மாரத்தான் வீராங்கனை டெக்லா லொரூப் அவர்களுள் ஓட்டக்காரர்களைத் தேடிப் பிடித்துப் பழக்கினார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 37 பேர் சென்றனர். குத்துச்சண்டையில் சிண்டி ங்காம்பா அவ்வணிக்கு முதற் பதக்கம் வாங்கித் தந்தார். ஆனால் நமக்கு அவர்களுள் மிகுந்த பாடம் தருபவர் ஒரு தோற்றவர். யீச் புர் பியல் என்னும் இளைஞர் தெற்கு சூடானில் போருக்குத் தப்பிச் சிறுவனாகத் தனியே கென்யாவின் ககூமா முகாமுக்கு வந்தவர். ரியோவில் 800 மீட்டர் ஓட்டத்தில் தம் பிரிவில் கடைசியாக வந்தார். அவரை 2022இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி தன் அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. கடைசியாக வந்தவர், பந்தயங்களை நடத்துவோர் வரிசையில் அமர்ந்தார். ஓட்டத்தில் வேகமுள்ளவரே பிரதிநிதியாக வேண்டும் என்னும் நியதியில்லை. ஒரு கூட்டத்தாரின் துயரை அறிந்து, அதை அவையில் எடுத்துரைக்க வல்லவர் போதும்.

அகதி என்றதும் கடலுக்கு அப்பாலே நோக்க வேண்டுமென்பதில்லை. நம் நகரத்தின் மேற்கெல்லையிலேயே வலியதுறை இருக்கிறது. கடலரிப்பினால் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் பல அங்கே சிமெண்டுக் கிடங்குகளில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருந்தன. துணியாலும் பலகையாலும் தடுத்த இடத்தில் சமையல், படிப்பு, பிள்ளைப்பேறு எல்லாம் நடந்தன. இவர்கள் இந்தியப் பிரஜைகள், வோட்டர்கள், எல்லை எதையும் கடந்தவர்களல்லர். கடல்தான் இவர்களது எல்லையைக் கடந்தது. 2018இல் முட்டத்தறையில் 192 குடும்பங்களுக்கு அடுக்கு வீடுகள் தரப்பட்டன. 2022இல் விழிஞம் துறைமுகத்தை எதிர்த்துக் கடற்கரை மக்கள் நடத்திய கிளர்ச்சியில் இக்கிடங்குவாசிகளின் புனர்வாழ்வும் முக்கியக் கோரிக்கையாயிற்று. 2025 ஆகஸ்டில் முட்டத்தறையில் மேலும் 332 வீடுகள் திறக்கப்பட்டன. முதற் கூட்டத்தார் கிடங்கில் படுத்த நாளுக்கும் இதற்கும் இடையே எத்தனை கவுன்சில் கூட்டங்கள் நடந்திருக்கும்!

இக்கடற்கரைதான் கேரளக் கால்பந்துக்கு ஆட்களை அள்ளித் தருவது. பொழியூர், பூந்துறை, விழிஞம் எனும் ஊர்களில் மணலில் கால் பதித்து விளையாடிய பிள்ளைகள் சந்தோஷ் டிராபி வரை சென்றிருக்கிறார்கள். பொழியூர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியது. அங்கே தமிழும் மலையாளமும் ஒரே பந்தை உதைக்கின்றன. இலத்தீன் மறைமாவட்டத்தார் நடத்தும் "லிஃபா" கால்பந்துப் பயிலகம் போன்றவை மீனவச் சிறுவர்களுக்குப் படிப்போடு பந்தும் கற்பிக்கின்றன. ஆனால் அலை ஆண்டுதோறும் மணலை விழுங்கி வருகையில் பிள்ளைகள் விளையாடும் இடமும் சேர்ந்தே போகிறது. முதலில் மைதானம், பிறகு வீடு. மைதானம் போன அன்றே அதை அறிபவர் அங்கே பிள்ளைகளைப் பழக்குபவர். அவ்வெச்சரிக்கையை நகரசபையில் எழுந்து சொல்ல அவருக்கு ஓர் ஆசனம் இருந்தால் வீடு போகுமுன் ஏதேனும் நடக்கலாம். கட்சிகள் அபேட்சகரைத் தேடும்போது டில்லிப் பதக்கத்தை நினைப்பது போலவே பொழியூர் மணலையும் நினைப்பார்களாக.

இறுதியாக நம் குடும்பங்களைப் பற்றி. சாலைக் கடைத்தெருவிலும் கரமனையிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழர் ஒருபுறமிருக்க, நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து பிழைப்புக்காக வந்து இருபது ஆண்டுகளாக இங்கே வாடகை வீட்டில் இருப்போர் பலர். இவர்கள் அகதிகளல்லர், பூரண பிரஜைகள். ஆயினும் இவர்களுள் பலரது பெயர் இன்னும் ஊர் ஜாபிதாவில்தான் இருக்கிறது. பொங்கலுக்குப் போவது போல் வோட்டுக்கும் ஊருக்குப் போய் வருகிறார்கள். ஊர்ப் பாசம் குறை கூறத்தக்கதன்று. ஆனால் பிள்ளை விளையாடும் மைதானம் இங்கே. குழாயில் தண்ணீர் வராததும் இங்கே. வோட்டு மட்டும் அங்கே. முகாமில் பிறந்து ஒரு வோட்டுக்காக முப்பத்தெட்டு ஆண்டு காத்த பெண்மணியை எண்ணும்போது இது நமக்குச் சற்று உறுத்தவே செய்கிறது.

கேரளத்தில் ஸ்தல ஸ்தாபனத் தேர்தலுக்கான வோட்டர் ஜாபிதா, சட்டசபை ஜாபிதாவினின்றும் வேறானது. அதை மாநிலத் தேர்தல் கமிஷன் தனியே தயாரிக்கிறது. ஒன்றில் பெயரிருப்பதால் மற்றதிலும் இருக்குமென்று எண்ணி, வாக்குச் சாவடி வரை போய் வெறுங்கையோடு திரும்பினோர் உண்டு. ஐந்தாண்டுக்கொரு முறை தேர்தல் நடப்பதால் அடுத்தது 2030இல் வரவேண்டும். அதற்கு முன் ஜாபிதா திருத்தப்படும் என்று கமிஷன் அறிவிக்கும் காலத்தில் மனுச் செய்துகொள்ள வேண்டும். பழைய ஊரில் உள்ள பெயரை நீக்கிக்கொள்ளுதலும் அவசியம். இரண்டிடத்தில் பெயர் வைத்திருப்பது குற்றம்.

நம் பிள்ளைகளுள் யாரேனும் நிற்கவே எண்ணினால், விதிகள் கடுமையானவை அல்ல. மனுத் தாக்கல் செய்யும் நாளில் 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2020இல் அந்த 21 வயதிலேயே ஆரியா ராஜேந்திரன் இந்நகரின் மேயராகவே ஆகிவிட்டார். நகரத்தின் ஏதேனும் ஒரு வார்டு ஜாபிதாவில் பெயர் இருந்தால் எந்த வார்டிலும் நிற்கலாம். பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோர்க்கும் ஒதுக்கிய வார்டுகளில் அவ்வகையினரே நிற்கலாம். 2025 தேர்தலில் மாநகராட்சி அபேட்சகர் கட்டவேண்டிய டிபாசிட் 5,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர்க்கு அதில் பாதி. செலவுக்கு உச்ச வரம்பு 1,50,000 ரூபாய். மனுவை முன்மொழிய ஒருவர் வேண்டும். அவர் அதே வார்டின் வோட்டராக இருத்தல் வேண்டும்.